மண்டபத்து மாமாவுக்கு வைத்த கரண்ட்!

'இனிமே மதுரைப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன் மாப்ளே!'

மாமா இதை வாயால் சொல்லவில்லை. பேச முடியாத அளவுக்கு வாய் வெந்து போயிருந்தது. மண்டி பில் புக்கைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டினார். எழுதியதற்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு. ஒரு பார்ட்டியோடு கணக்கை முடித்துக்கொண்டால் மாமா அப்படித்தான் இரட்டைக் கோடு போடுவார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மாமா என்றால் என் தாய்மாமன். மண்டபத்தில் கருவாட்டு மண்டி. நெத்திலி, வாளை, சீலா என்று எதையும் மோந்து பார்த்தே ரேட் சொல்லிவிடுவார். வெற்றிலை, புகையிலை, பீடி மூன்றும் முப்பது வருஷப் பழக்கம். 2023-ல் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள், மொத்தம் 35 தடவை கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒரு ஊசி மருந்து.

எங்கள் ஊர்ப்பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். உண்மையில் உடம்பில் கரண்ட் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரேயின் பலசாலி அண்ணன்தான் பாய்கிறான். ஷாக் அடிக்காது, வலிக்காது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேதனையெல்லாம் ரெண்டு மூணு வாரம் கழித்துத்தான்.

முதல் வாரம் மாமா ஜாலியாகத்தான் இருந்தார். பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியிருந்த காலம் அது. தீவுக்குள் ரயில் போகாது. "ராமேஸ்வரத்துக்காரன் பாடு திண்டாட்டம். நமக்கு மண்டபத்துலேயே ஜன்னல் சீட்டு!" என்று சிரித்தார். திங்கட்கிழமை போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை ஊர் திரும்புவார்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவர்தான் இந்த இரட்டைக் கோடு மாமா. 20 முடிந்திருந்தது. பாக்கி 15. கழுத்துத் தோல் கறுத்து, கஞ்சி கூட இறங்காமல், எட்டு கிலோ இளைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். இந்த மாதிரி சமயத்துக்கென்றே ஊருக்கு ஊர் ஒருத்தர் இருப்பார்.

"கரண்ட் வச்சா உடம்புல எதிர்ப்பு சக்தி பூராம் செத்துப் போயிரும் அப்பு! அப்புறம் நோயோட எப்படிச் சண்டை போடுறது? நம்ம கடல்லயே மருந்து கெடக்கு" என்று ஒரு டப்பாவை நீட்டினார். கடல்பாசிப் பொடி. விலை மூவாயிரத்து ஐந்நூறு.

அத்தை என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன். நீ சொல்லுய்யா, நெசமா?"

நான் படித்தது பி.காம்.! டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்டால் சொல்லலாம். இருந்தாலும் கேட்டது அத்தை. திங்கட்கிழமை காலை ரயிலுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு கதிர்வீச்சு சிகிச்சை டாக்டருக்குப் போன் போட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுல பாதி உண்மை" என்றார் அந்த அம்மா. "ஆபத்தே அந்தப் பாதியிலதான் இருக்கு."

அன்று அவர் சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படித்ததையும் என் பாஷையில், அதாவது காமர்ஸ் பாஷையில், சொல்கிறேன்.

பினாமி கம்பெனியும் ரெய்டும்

புற்றுக்கட்டி வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை. நம் உடம்பின் சொந்த செல்தான் கணக்கில் கோல்மால் செய்து, பினாமி பெயரில் கம்பெனி நடத்துகிறது. அதனால்தான் உடம்பின் போலீஸான வெள்ளை அணுக்கள் பல சமயம் அதைக் கண்டுகொள்வதில்லை. 'நம்ம ஆளுதானே' என்று போய்விடுகின்றன.

கதிர்வீச்சு ஒரு வருமான வரி ரெய்டு மாதிரி. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய், செல்லின் டி.என்.ஏ. என்ற மெயின் லெட்ஜரைக் கிழித்துப் போடுகிறது. லெட்ஜர் கிழிந்த செல் அடுத்த தடவை ரெண்டாகப் பிரியப் பார்க்கும்போது செத்து விழுகிறது. ரொம்ப காலம் டாக்டர்கள் இவ்வளவுதான் கதை என்று நினைத்தார்கள்.

ஆனால் ரெய்டு நடந்தால் என்ன ஆகும்? பேப்பர்கள் தெருவெல்லாம் பறக்கும்!

சாகிற புற்று செல், கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தைத் தன் மேல் தோலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 'என்னைச் சாப்பிடு' என்று போர்டு மாட்டிக்கொள்கிற மாதிரி. கிழிந்த டி.என்.ஏ. துண்டுகள் இருக்கக்கூடாத இடத்தில் கிடப்பதைப் பார்த்து, வைரஸ் வந்தால் அடிக்கிற அதே அபாயச் சங்கை செல் ஊதுகிறது. சத்தம் கேட்டு டெண்ட்ரிடிக் செல் என்ற இன்ஃபார்மர் வருகிறார். சிதறிய பேப்பர்களில் நாலைப் பொறுக்கிக்கொண்டு, பக்கத்து நிணநீர் முடிச்சுக்கு ஓடுகிறார். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த முடிச்சுதான் போலீஸுக்கு ஹெட் ஆபீஸ். அங்கே டி செல் என்ற அதிகாரிகளுக்கு, 'இதுதான் அந்த பினாமியின் கையெழுத்து' என்று காட்டுகிறார். கையெழுத்தைப் பழகிய டி செல்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, கட்டியைத் தேடிக் கிளம்புகின்றன.

ஆக, கதிர் தானும் கொல்கிறது. கொல்ல வேண்டியவர்களுக்குத் துப்பும் கொடுக்கிறது.

"கதையா இருக்கே, ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன். நாங்கள் வவுச்சர் இல்லாமல் எதையும் பாஸ் பண்ண மாட்டோம்!

இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் ஸ்டோன், பீட்டர்ஸ், மிலாஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குக் கட்டியை வளர்த்துக் கதிர் கொடுத்தார்கள். நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்த எலிகளைவிட, அந்த சக்தி அடக்கப்பட்ட எலிகளுக்குக் கட்டியைக் கரைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு கதிர் தேவைப்பட்டது. கட்டி அதே, கதிர் அதே. வித்தியாசம் போலீஸ் இருந்ததா இல்லையா என்பதுதான்.

இங்கே அடித்தால் அங்கே விழும்

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 1953-ல் மோல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, ஓரிடத்தில் கதிர் கொடுத்தால் உடம்பில் வேறோர் இடத்தில் விளைவு தெரிவதற்கு 'அப்ஸ்கோபல்' என்று பெயர் வைத்தார். குறிக்கு அப்பால் என்று அர்த்தம். கேரம் போர்டில் ஒரு காயை அடிக்க, எதிர் மூலையில் இருந்த காய் பாக்கெட்டில் விழுகிற மாதிரி.

2012-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு கேஸ் வெளியானது. தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிய ஒரு பெண்மணி. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நோய் கேட்கவில்லை. முதுகெலும்பு ஓரத்துக் கட்டி வலித்ததால் அதற்கு மட்டும் கதிர் கொடுத்தார்கள். அது சுருங்கியது. கதிரே படாத மண்ணீரல் கட்டிகளும் சுருங்கின!

ஆசையைக் கிளப்பிவிட்டு ஓடக்கூடாது. இது லாட்டரியில் முதல் பரிசு மாதிரி அபூர்வம். 1969-லிருந்து 2014 வரை மருத்துவ இதழ்களில் வந்த இப்படிப்பட்ட கேஸ்களை ஒரு குழு பொறுக்கி எண்ணியபோது கிடைத்தது 46-தான். அந்த 45 வருஷத்தில் கதிர் வாங்கிக்கொண்டவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருப்பார்கள்.

ஏன் இவ்வளவு அபூர்வம்? பக்கத்து வீட்டுக்காரரின் 'பாதி உண்மை' இங்கேதான் வருகிறது.

ஸ்டே ஆர்டர்!

ரத்தத்தில் ஓடும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கதிர் பட்டால் சுலபத்தில் செத்துவிடும். டி செல்லும் அந்த ஜாதிதான். கட்டி வழியாக ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால், ஏழு வார சிகிச்சையில் அவற்றின் எண்ணிக்கை இறங்குவது சகஜம். ரெய்டுக்குப் போன இடத்தில் நம்ம ஆட்களிலும் சிலர் அடிபடுகிறார்கள். இந்த மட்டும் அவர் சொன்னது நிஜம்.

இரண்டாவது சிக்கல், உடம்பின் நல்ல மனசு. கதிர் பட்ட இடத்தை உடம்பு ஒரு காயமாகப் பார்க்கிறது. காயம் என்றால் ஆற்ற வேண்டும். 'போதும்ப்பா, அடங்குங்க' என்று போலீஸைச் சமாதானப்படுத்தும் செல்கள் வந்து இறங்குகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற ரசாயனம் இந்த சமாதானக் கமிட்டியின் தலைவர். பலன் கட்டிக்கு!

மூன்றாவதுதான் பெரிய தில்லுமுல்லு. அதிகாரிகள் வாசலுக்கு வந்ததும் புற்று செல் ஒரு பேப்பரை எடுத்து நீட்டுகிறது. பி.டி.எல்.-1 என்ற புரதம். அதைப் பார்த்ததும் டி செல் அப்படியே நின்றுவிடுகிறது. கோர்ட் ஸ்டே ஆர்டர் காட்டினால் அதிகாரி திரும்பிப் போவாரே, அதே மாதிரி. ரெய்டு சூடு பிடித்தால் இந்த ஸ்டே ஆர்டரும் அதிகமாக அச்சாகிறது.

அந்த ஸ்டேயை உடைக்கிற மருந்துகள் இப்போது உண்டு. அதற்கான வழியைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அப்படியானால் ரெய்டையும் ஸ்டே உடைப்பையும் சேர்த்துச் செய்தால்? எல்லோருக்கும் அந்த யோசனைதான் வந்தது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோயாளிகள் 713 பேரிடம் ஒரு சோதனை. கதிரும் கீமோவும் முடிந்த பிறகு ஒரு கோஷ்டிக்கு துர்வாலுமாப் என்ற ஸ்டே உடைக்கும் மருந்து, இன்னொன்றுக்கு வெறும் டம்மி. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மருந்துக் கோஷ்டியில் 100-க்கு 43 பேர், டம்மியில் 33 பேர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும், கதிரோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்ததில் மூன்று வருஷத்தில் 100-க்கு 75 என்பது 83-ஆனது. இது 2024-ல் வந்த செய்தி.

சரி, எங்கள் மாமாவுக்கு வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு? 697 பேரிடம் கதிரோடு அவெலுமாப் சேர்த்துப் பார்த்தார்கள். பூஜ்யம்! 2021-ல் வந்த ரிசல்ட். ஏன் தோற்றது என்று விஞ்ஞானிகள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கழுத்தில் நோய் பரவும் முடிச்சுகளையும் சேர்த்துத்தான் கதிரால் அடிக்கிறோம். ஆனால் டி செல்களுக்கு டிரெய்னிங் கொடுக்கும் ஹெட் ஆபீஸே அந்த முடிச்சுகள்தானே? ஹெட் ஆபீஸைப் பூட்டிவிட்டு அதிகாரிகளை அனுப்பச் சொன்னால் எப்படி? இது ஒரு சந்தேகம். மருந்தைக் கதிரோடு கொடுப்பதா, முன்னாலா, பின்னாலா என்பது இன்னொன்று.

கதிரின் அளவிலும் சூட்சுமம் இருக்கிறது. 2017-ல் நியூயார்க்கில் எலிகளிடம் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு 8 கிரே வீதம் மூன்று தடவை கதிர் கொடுத்தால் அபாயச் சங்கு ஊதுகிறது. 20 கிரேயை ஒரேயடியாகக் கொடுத்தால் ஊதவில்லை. டோஸ் எகிறியதும், சிதறிய டி.என்.ஏ. துண்டுகளைக் கூட்டிப் பெருக்கும் ஒரு என்ஸைம் வேலைக்கு வந்துவிடுகிறது. ரெய்டு ரொம்பப் பலமாகிவிட்டால் ஃபைலும் சேர்ந்து எரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

நம்ம பக்கத்துக் கணக்கு

இதெல்லாம் சீமைச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். ஐம்பதுகள் முடிவதற்குள் கோபால்ட் கதிர் இயந்திரம் அங்கே வந்துவிட்டது. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரோடு ப்ளியோமைசின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் எழுபதுகளிலேயே சோதித்துப் பார்த்தார்கள். கதிருக்கு ஒரு கூட்டாளி வேண்டும் என்ற யோசனை நம் ஊருக்குப் புதிதில்லை.

இப்போதைய கூட்டாளிகளின் விலைதான் மயக்கம் வரவைக்கிறது. ஸ்டே உடைக்கும் மருந்துகள் லட்சக்கணக்கில் ஆகும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நிவோலுமாப் மருந்தை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றி, குணப்படுத்த வழியில்லாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். விலை மலிவான மாத்திரைகளை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 100-க்கு 16 பேர். அதோடு இந்தக் குட்டி டோஸும் சேர்ந்தவர்களில் 43 பேர்! 2022-ல் வெளியானது. இது கதிரோடு கொடுத்த சோதனை அல்ல என்பதை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு பி.காம். பட்டதாரி என்ற முறையில் அந்தச் சிக்கனத்துக்கு எழுந்து நின்று கைதட்டினேன்.

ஞாயிறு ராத்திரி

மாமாவுக்குச் சொல்ல வேண்டியது இதில் எது? டாக்டர் அம்மா கடைசியாகச் சொன்ன விஷயம்தான் எனக்கு உதவியது.

"நாலாவது வாரத்துக்கு மேல மிச்சமிருக்கிற புற்று செல்கள் முன்னைவிட வேகமாப் பெருக ஆரம்பிக்கும். இந்த நேரத்துல லீவு போட்டா, ஒவ்வொரு நாளுக்கும் கட்டியைக் கட்டுப்படுத்தற வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறையும். இருபதோட நிறுத்தினா, அது பாதி சிகிச்சை இல்லை. தப்பிச்ச செல்லுக்கெல்லாம் நாமளே கொடுக்கிற ஜாமீன்."

ஞாயிறு ராத்திரி மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, கரண்ட் உங்க எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குறைக்கிறது நெசந்தான். ஆனா அந்த சக்திக்கு எதிரி யாருன்னு காட்டிக் கொடுக்கிறதும் அதேதான். நிறுத்திட்டா ரெண்டும் போச்சு. பாக்கி 15-தான்."

மாமா பில் புக்கை எடுத்தார். 'பொடி?' என்று எழுதினார்.

பொடிக்கும் டாக்டரிடம் பதில் கேட்டு வைத்திருந்தேன். கனடாவில் கதிர் சிகிச்சை எடுத்த 540 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு வைட்டமின் ஈ மாத்திரை, சிலருக்கு டம்மி. 2005-ல் ரிசல்ட் வந்தபோது, மாத்திரை சாப்பிட்ட காலத்தில் புதிதாக இன்னொரு புற்று வந்தது மாத்திரைக்காரர்களுக்குத்தான் அதிகம். 'நல்லதுதானே, சாப்பிட்டு வைப்போம்' என்பது எப்போதும் நல்லதில்லை.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் இரட்டைக் கோட்டை ரப்பரால் அழித்தார். கீழே எழுதினார்: 'பாக்கி 15'.

மறுநாள் காலை ரயிலில் நானும் கூடப் போனேன். மூக்கு வழியாகக் குழாய் வைத்துக் கஞ்சியும் பாலும் போனது. எண்ணிக்கை 35-ஐத் தொட்ட அன்று மாமா அழுதார். அத்தை சிரித்தாள். வழக்கமாக எங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கும்.

கரண்ட் வைக்கிறவர் வீட்டில் இருக்கிறாரா?

● நாள் தவறக் கூடாது. பஸ், ரயில், கல்யாணம், காது குத்து எதுவும் காரணம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். குழாய் வழியாகக் கொடுக்க வழி இருக்கிறது.

● சிகிச்சைக்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் ஆறுவது கஷ்டம்.

● வெளியிலிருந்து கதிர் வாங்கியவர் உடம்பில் கதிர் தங்காது. பேரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் மகா பாவம்.

● பீடி, சிகரெட், புகையிலை சிகிச்சை நேரத்தில் தொடர்ந்தால் கதிரின் பலன் குறையும்.

● எந்தப் பொடி, லேகியம், வைட்டமினாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

● முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் சிகிச்சையும் உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள்.

● டீ பிரேக்கில் பாக்குப் பொட்டலம் கிழிக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கு: வாய்ப்புண், குரல் மாற்றம், கழுத்துக் கட்டி, இதில் எதுவும் மூணு வாரத்துக்கு மேல் போனால் மெடிக்கல் ஷாப்பில் நின்று மாத்திரை கேட்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள்.

மாமா இன்றைக்கும் மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். எச்சில் சரியாக ஊறாததால் கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். நெத்திலியின் ருசி பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. மூக்கு மட்டும் பழையபடி ரேட் சொல்கிறது. அவரைக் காப்பாற்றியதில் கதிரின் பங்கு எவ்வளவு, ஊசி மருந்தின் பங்கு எவ்வளவு, அவருடைய டி செல்களின் பங்கு எவ்வளவு என்று எந்த ஆடிட்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று பேரும் பார்ட்னர்கள். கணக்கை அப்படியே பாஸ் பண்ணிவிட்டேன்.

போன தடவை போனபோது கேட்டேன்: "அந்தக் கடல்பாசிப் பொடி என்னாச்சு மாமா?"

கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். தளதளவென்று ஒரு தென்னங்கன்று. கடல்பாசி செடிகளுக்கு நல்ல உரம், தெரியுமோ?

"மூவாயிரத்து ஐந்நூறு ரூவாய்க்கு உரம் போட்ட ஒரே தென்னை இதுதான் மாப்ளே" என்றார். "எதிர்ப்பு சக்தி எப்படி இருக்குன்னு பாரு!"